சரின்னு சொன்ன பிறகு

இங்க ஏன் பஸ்ஸை நிறுத்துறாங்கன்னுதானே கேட்டீங்க? சரியான ஆளுகிட்டதான் கேட்டிருக்கீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்தப் பையை இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். இந்த மீன் ஏலக்கூடத்து வாசல்ல இந்த டவுன் பஸ்ஸு நிக்குதுன்னா அதுக்குக் காரணம் வேற யாருமில்ல சார், நான்தான்.

சிரிக்காதீங்க. தற்பெருமை பேசறது எனக்கு அறவே பிடிக்காது. வேணும்னா பின்னாடி அன்னக்கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறுது பாருங்க, அந்தப் பொம்பளைங்களைக் கேளுங்க. இல்ல, வேணாம், அவங்களைக் கேக்காதீங்க. அவங்க வேற மாதிரி சொல்லுவாங்க. நானே சொல்றேன்.

என் பேரு தனக்கோடி. பயிற்சியாளர். ஏன் என் வயித்தைப் பாக்கறீங்க? அந்தப் பயிற்சி இல்ல சார். தொண்டு நிறுவனம்னு சொல்றாங்கல்ல, அதுல வேலை பாக்கறவங்க, அவங்க நடத்துற சங்கத்து ஆளுங்க, இவங்களுக்கெல்லாம் அதிகாரிகிட்ட போயி எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக்குடுக்கறவன் நான். கேக்கறது என்ன பெரிய வித்தையான்னு நினைப்பீங்க. நம்ம சனம் எப்படிக் கேக்கும்? உள்ள போனதும் கையைக் கட்டிக்கிட்டு, "ஐயா, எங்க தாத்தா காலத்துல"ன்னு ஆரம்பிக்கும். அதிகாரி கடிகாரத்தைப் பாப்பாரு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

நான் என்ன சொல்லிக்குடுப்பேன்னா, கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதை ஒரே மூச்சுல சொல்லிடணும். அப்புறம் ஆதாரம். அப்புறம் அவரு என்னென்ன மறுப்பு சொல்லுவாருன்னு நாமளே யோசிச்சு, அவரு வாயைத் திறக்கறதுக்கு முந்தி நாமளே எடுத்துப் போட்டு, பதிலும் சொல்லணும். அப்பவும் முடியாதுன்னா அடுத்த படி. இது ஒரு கலை சார். இதுக்குன்னு சார்ட் பேப்பர், கலர் பேனா, விளையாட்டு எல்லாம் வெச்சிருக்கேன். எந்த ஊருக்குப் போனாலும் சார்ட்டைச் சுருட்டி வெச்ச குழாய்ப் பை என் தோள்ல தொங்கும்.

இந்தப் பொம்பளைங்களுக்கும் நான்தான் பயிற்சி. இவங்க மீன் விக்கறவங்க சங்கம். சங்கத்தை நடத்துறது ஒரு தொண்டு நிறுவனம். அதுக்கு டைரக்டர் ஜெசிந்தா மேடம், ரொம்ப நல்ல மாதிரி, ஆனா பேச்சு கம்மி. இவங்க கஷ்டம் என்னன்னா, விடிகாலையில ஏலத்துல மீனை எடுத்துக்கிட்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போவணும். பஸ்ஸு இவங்க மூஞ்சிக்கு நேராத்தான் போவும், ஆனா நிக்காது. முக்கூட்டு ரோட்டுக்கு நடந்து போயித்தான் ஏறணும். தலையில கூடையோட அங்க போயி சேர்றதுக்குள்ள பஸ்ஸு டாட்டா காட்டிடும். அடுத்த பஸ்ஸுல போனா மார்க்கெட்ல நல்ல இடமெல்லாம் வண்டியில மீன் கொண்டாறவங்க புடிச்சிருப்பாங்க. மீனும் கொழகொழன்னு ஆயிடும். கூடை விக்காமத் திரும்பி வந்தா அன்னிக்கு அடுப்பு எரியறதே சந்தேகம். சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, ஆனா பெரிய கஷ்டம் சார் அது. எனக்கே மனசு கேக்கலை.

பயிற்சிக்கு வந்தாங்க. மார்க்கெட் முடிச்சுட்டு நேரா வந்தா எப்படி இருப்பாங்க? பாதிப் பேரு உக்காந்த வாக்குல தூங்கறாங்க. நான் விடுவேனா? நூல்கண்டு விளையாட்டு வெச்சேன். ஒருத்தர் நூலைப் புடிச்சுக்கிட்டு கண்டை இன்னொருத்தருக்கு எறியணும், அப்படியே எல்லாரும் இணைஞ்சிருக்கோம்னு புரியணும். அந்தா ஜன்னலோரம் உக்காந்திருக்கு பாருங்க, காத்தாயி, அது நூலைக் கையில வாங்கிப் பாத்துட்டு, "என்னா சார், ஒரு நண்டு கூட சிக்காது இதுல"ன்னுச்சு. எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க. எனக்கு வேண்டியது அதுதான்.

அதுக்கப்புறம்தான் என்னோட விசேஷமே. நாற்காலி மேல ஒரு பூத்துவாலையைப் போட்டேன். துவாலை போட்ட நாற்காலியில உக்காந்துட்டா நான் அதிகாரி. அவங்க வந்து கேக்கணும். ஒவ்வொருத்தரா வந்தாங்க. முடியாதுன்னேன். நிதி இல்லன்னேன். இது எங்க துறையில வராதுன்னேன். அடுத்த வாரம் வாங்கன்னேன். போன்ல பேசற மாதிரி நடிச்சேன். ஒருத்தர் நல்லாவே கேட்டாங்க, அதுக்கும் முடியாதுன்னேன். எப்பவுமே நான் அப்படித்தான் சார், லேசுல மசியமாட்டேன். அப்பத்தானே பழகுவாங்க?

சங்கத் தலைவி தையல்நாயகி, அந்தா பச்சை சீலை, அதுக்குப் பொறுமை போயிடுச்சு. "சார், உங்களுக்கு அந்தக் கடலே பரவால்ல. அது சில நாளாவது குடுக்கும்"னுச்சு. என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச பெரிய பாராட்டு அது.

அப்ப காத்தாயி ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க. "ஒருவேளை அவரு சரின்னு சொல்லிட்டா என்னா சார் செய்யணும்?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "அம்மா, கற்பனைக்கும் ஒரு அளவு வேணும்"னேன். எல்லாரும் சிரிச்சோம். அத்தோட டீ வந்துடுச்சு.

மறுவாரம் டிப்போ மேனேஜரைப் பாக்கப் போனோம். நானும் கூடப் போனேன். தனியா விட முடியுமா? மேனேஜர் சின்ன வயசு, புதுசா மாத்தலாகி வந்தவரு. சட்டையில இஸ்திரி மடிப்பு கூடக் கலையலை. உக்காரச் சொன்னாரு. தண்ணி குடுக்கச் சொன்னாரு. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்.

தையல்நாயகி பிரமாதமா ஆரம்பிச்சுது. "சார், காலையில மொத டவுன் பஸ்ஸு ஏலக்கூடத்து வாசல்ல நின்னு எங்களை ஏத்திக்கிட்டுப் போவணும்." ஒரே மூச்சு. ஒரே கோரிக்கை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

மேனேஜர் அவங்க மூஞ்சிகளைப் பாத்தாரு. சொவத்துல இருந்த ரூட் படத்தைப் பாத்தாரு. "அந்த வழியாத்தானே போவுது? நின்னா என்ன போச்சு? சரிம்மா, நாளையிலேருந்து நிக்கச் சொல்லிடறேன்"னாரு.

அவ்வளவுதான் சார். பொம்பளைங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. எனக்கே திக்குனு ஆயிடுச்சு. நீங்களே சொல்லுங்க, ஒரு அதிகாரி இவ்வளவு சுருக்கா சரின்னா என்ன அர்த்தம்? ஒண்ணு அவரு காதுலயே வாங்கலை, இல்ல நம்மளைத் தட்டிக்கழிக்கறாரு. தையல்நாயகிக்கு இது புரியலை. அது பாதி எந்திரிச்சு, கும்புட கையைக் கூட எடுத்துடுச்சு. நான்தான் சமயத்துல "உக்காரும்மா, உக்காரு"ன்னு தடுத்தேன். தடுத்துட்டு சார்ட்டை விரிச்சேன்.

"சார், நீங்க கேக்கலாம், கூடையிலேருந்து மீன் தண்ணி பஸ்ஸுல ஒழுகாதான்னு"ன்னேன்.

"நான் கேக்கலையே"ன்னாரு.

"கேப்பீங்க சார். மத்த பயணிங்க நாத்தம் தாங்கலைன்னு புகார் குடுத்தா என்ன பண்றதுன்னும் கேப்பீங்க."

அவரு நாற்காலியில நிமிந்து உக்காந்தாரு. அதுதான் சார் என் பேச்சோட சக்தி. நான் விடலை. இங்க நிறுத்துனா அடுத்த ஊருக்காரன் எங்க வாசல்லயும் நிறுத்துன்னு வருவான், வழியில நேரம் போச்சுன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கதி என்ன, டிரைவருங்க சங்கம் ஒத்துக்குமா, வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு. வரிசையா எடுத்து வெச்சேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இருக்கு சார், அடுத்த சார்ட்ல இருந்துச்சு. அதை விரிக்கறதுக்குள்ள அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு. "இவ்வளவு விஷயம் இருக்கா இதுல?"ன்னாரு.

"இருக்கு சார்!"னேன்.

காத்தாயி பின்னாலேருந்து என் சட்டையை இழுத்துக்கிட்டே இருந்துச்சு. உற்சாகப்படுத்துதுன்னு நெனைச்சு, நான் அடுத்த படிக்கும் போனேன். "நீங்க மறுத்தா கலெக்டரைப் பாப்போம், பத்திரிகைக்குப் போவோம், தேவைப்பட்டா மறியல்"னேன்.

"நான் மறுக்கவே இல்லையே"ன்னாரு மேனேஜர்.

"ஒருவேளை மறுத்தா"ன்னேன்.

அவரு தையல்நாயகியைப் பாத்து, "மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்மா. போயிட்டு வாங்க"ன்னாரு.

பாத்தீங்களா? இதுதான் சார் உண்மையான பதில். மொதல்ல சொன்னது வெறும் வார்த்தை. இப்ப அவரு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஒரு அதிகாரியை யோசிக்க வெக்கறது லேசுப்பட்ட காரியமா?

வெளிய வந்தோம். ஒருத்தரும் பேசலை. பெரிய வெற்றி கிடைச்சா சில பேருக்குப் பேச்சு வராது. தையல்நாயகி முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிச்சு. வேர்வைன்னுதான் நெனைச்சேன், ஆனா கண்ணு செவந்திருந்துச்சு. "நாளைக்கு பஸ்ஸு நின்னிருக்கும் சார்"னு மட்டும் சொல்லுச்சு. நான் முதுகுல தட்டிக் குடுக்கற மாதிரி, "பொறுமையா இரும்மா, இப்பத்தானே தொடங்கியிருக்கு"ன்னேன். அது என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு அர்த்தம் தெரியலை.

இதுக்கப்புறம் நடந்ததுதான் சார் என் மனக்குறை. இதை யாருகிட்டயும் சொல்லலை. உங்களைப் பாத்தா பொறுமையா கேக்கறீங்க, அதனால சொல்றேன்.

அன்னிக்கு சாயங்காலம் நான் நிறுவனத்து ஆபீஸ்ல ஜெசிந்தா மேடத்துக்கு நடந்ததை விளக்கிக்கிட்டு இருக்கேன். இவங்க எல்லாம் உள்ள வந்தாங்க. தையல்நாயகி முன்னால நின்னு, "மேடம், டிப்போவுக்கு நாளைக்கு நாங்க மட்டும் போறோம், சார் கூட வரக்கூடாது"ன்னுச்சு. நான் அங்கயேதான் உக்காந்திருக்கேன்! ஒரே மூச்சு, ஒரே கோரிக்கை, கண்ணை நேராப் பாத்துப் பேச்சு. மார்க் போடச் சொன்னா முழுசாப் போட்டிருப்பேன்.

மேடம், "சரி"ன்னாங்க.

உடனே எல்லாரும் கும்புட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. டீ வந்துக்கிட்டு இருக்கு, அதுக்குக் கூட நிக்கலை. "ஏம்மா, ஆதாரம் எங்க? எதிர்வாதம் எங்க? மேடம் மனசு மாறினா என்ன செய்வீங்க?"ன்னு நான் வாசல் வரைக்கும் கேட்டுக்கிட்டே போனேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்து பேசியிருந்தா மேடம் மனசை மாத்தியிருக்கலாம் சார், எனக்கு மேடத்தைத் தெரியும். அதுக்கு இடமே குடுக்காமப் போயிட்டாங்க. வலிச்சுது. சொல்லிக்குடுத்தவனையே வேணாம்னுட்டாங்களேன்னு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

ஆனாலும் கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல? கூட வரக்கூடாதுன்னாங்க, ஜன்னலுக்கு வெளிய நிக்கக்கூடாதுன்னு சொல்லலையே. டிப்போ சைக்கிள் ஸ்டாண்டுல நின்னேன். உள்ள பேசறது நல்லாவே கேக்குது. என்ன ஆதாரம் எடுத்து வெக்கப் போறாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னா, தையல்நாயகி சொல்லுது: "சார், நேத்து நீங்க சரின்னு சொன்னீங்க. நாங்க நன்றி சொல்லாமப் போயிட்டோம். அதைச் சொல்லத்தான் வந்தோம். ரொம்ப நன்றி சார்."

சொல்லிட்டு வெளிய வந்துட்டாங்க! உக்காரவே இல்ல சார். மேனேஜர் பின்னாடியே வராந்தாவுக்கு வந்து, "அம்மா, நில்லுங்க, அந்த மீன் தண்ணி விஷயம்..."ங்கறாரு. இவங்க கேட்டைத் தாண்டிட்டாங்க. காத்தாயி மட்டும் திரும்பிப் பாத்து இன்னொரு கும்பிடு போட்டுச்சு. மேனேஜர் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு உள்ள போனாரு. கேக்க வந்தது என்ன, நன்றி சொல்லிட்டுப் போறது என்ன? எந்தப் பாடத்துல சார் இருக்கு இது?

ரெண்டு நாள்ல பஸ்ஸு ஏலக்கூடத்து வாசல்ல நின்னுச்சு. யாரால? மேனேஜரை யோசிக்க வெச்சது யாரு? அதான் மொதல்லயே சொன்னேன், நான்தான்னு. அவங்க நன்றி சொன்னது அந்த மேனேஜருக்கு. எனக்கு ஒரு வார்த்தை கிடையாது.

ஆனா இப்ப நிக்கறது தற்காலிகம்தான். சும்மா நிறுத்திப் பாக்கறாங்க. டிவிஷன் ஆபீஸ்லேருந்து யாராவது ஒருத்தர் சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் இதுல ஏறி வந்து பாப்பாங்களாம். அவரு சரின்னா நிரந்தரம். வேணாம்னுட்டா மறுபடியும் முக்கூட்டு ரோடுதான். பாவம், வேண்டாத சாமி இல்ல இவங்க. கூடைக்கெல்லாம் மூடி போட்டு, அடியில சாக்கு விரிச்சு, பாத்தீங்கள்ல, எவ்வளவு பதவிசா ஏறுறாங்க. எனக்கு என்ன கவலைன்னா, வர்ற ஆளு மழுப்பலா சரின்னு சொல்லிட்டுப் போயிடக்கூடாது. முழு விவரமும் தெரிஞ்சவரா இருக்கணும்.

தையல்நாயகி எதுக்கு அங்கேருந்து கையைக் கையை ஆட்டுது? வணக்கம்மா, வணக்கம்! பாத்தீங்களா, பழசையெல்லாம் மறந்துட்டு வணக்கம் சொல்லுது. நல்ல மனசு. இப்ப என்ன, வாயில விரலை வெச்சுக் காட்டுது? பல்லு வலி போல இருக்கு.

ஆமா, கண்டக்டர் என்கிட்ட டிக்கெட் கேட்டாரு, பின்னாடி எல்லாருகிட்டயும் கேட்டாரு, உங்ககிட்ட மட்டும் ஒரு சலாம் வெச்சுட்டுப் போறாரே? சொந்தக்காரரா?

ஓ.

டிவிஷன் ஆபீஸா? நீங்களா? அட, மொதல்லயே சொல்லக்கூடாதா சார்! உங்க பையைத்தானா இவ்வளவு நேரம் மடியில வெச்சிருக்கேன்! காத்தாயி ஏன் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குன்னு இப்பத்தான் புரியுது. அதுக்கும் சந்தோஷம் தாங்கலை.

என்ன சொன்னீங்க? நிறுத்தம் இருக்கட்டும்னா? தண்ணியும் ஒழுகலை, நேரமும் போகலை, பாத்தாச்சு, சரின்னு சொல்லிடறேன்னா?

நல்லது சார். ரொம்ப நல்லது. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு எனக்கு. இவங்க பொழைச்சுக்குவாங்க சார். நெசமாவே சொல்றேன், பஸ்ஸு மொத நாள் நின்னப்ப ரோட்டோரமா நின்னு பாத்தேன், நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

ஆனா ஒரு விஷயம். இவ்வளவு சுருக்கா நீங்க சரின்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை. நீங்க பாத்தது ஒரே ஒரு நாள். மத்த நாள் எப்படியோ? ரெண்டு பாயிண்ட் இருக்கு, அதை மட்டும் கேட்டுட்டு...

ஏம்மா தையல்நாயகி, நீ எதுக்கு ஓடுற பஸ்ஸுல எந்திரிச்சு வர்ற? உக்காரும்மா, நான் உங்களுக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். என் சார்ட்டை ஏன் எடுக்கற? கண்டக்டர், விசில் எதுக்கு? என் ஸ்டாப்பா? என் ஸ்டாப் பஸ் ஸ்டாண்டுங்க. இங்க வெறும் உப்பளம்தானே இருக்கு, ஒரு டீக்கடை கூடக் காணுமே.

காத்தாயி, கையை விடு. "நீங்க எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க சார், இப்ப இறங்குங்க"ன்னா என்னம்மா அர்த்தம்? இறங்கறேன், இறங்கறேன், தள்ளாதீங்க. படியைப் பாத்துக் காலை வெக்க விடுங்களேன்.

சார்! ஜன்னலோர சார்! ஒரு நிமிஷம் தலையை நீட்டுங்க. மழைக்காலத்துல அந்த ஏலக்கூடத்து வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கும் சார், பஸ்ஸு ஒதுங்கவே முடியாது, அதை நீங்க கணக்குலயே எடுக்கலையே... சார், கண்ணாடியை ஏன் இறக்கி மூடறீங்க?